ஒரு மரத்துக்கு ஒரே ஆளா? தெருவைப் பார்த்துக்கொள்ளும் திறந்தமூலச் செயலி பற்றி ஒரு கேள்வி

நீர்வாளி | ஜூலை 6, இரவு 9:40

பெர்லினிலிருந்து எழுதுகிறேன். ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. இந்த மாதிரிச் செயலிகளில் கைவைத்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

இங்கே 2020 மே மாதத்திலிருந்து ‘கீஸ் டென் கீட்ஸ்’ என்று ஓர் இணையச் செயலி ஓடுகிறது. சிட்டிலேப் பெர்லின் என்ற பொது ஆய்வகம் செய்தது. தமிழில் சொன்னால் ‘பேட்டைக்குத் தண்ணி ஊத்து’. கீட்ஸ் என்பதற்கு பேட்டையைவிடப் பொருந்தும் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. நகரத்தின் மரப் பதிவேட்டில் இருக்கும் மரங்களெல்லாம் வரைபடத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். சாலையோர மரங்களே நான்கு லட்சத்துக்கு மேல். புள்ளியைத் தொட்டால் என்ன மரம், அந்த இடத்தில் கடந்த 30 நாளில் எவ்வளவு மழை பெய்தது, யாராவது தண்ணீர் ஊற்றினார்களா என்பது வரும். மழைக் கணக்கு ஜெர்மன் வானிலைத் துறையின் ரேடாரிலிருந்து, கிலோமீட்டர் கட்டம் கட்டமாக எடுக்கப்படுகிறது. தெருவில் நிற்கும் பழைய கைப்பம்புகளும் அதே வரைபடத்தில் உண்டு. நெருக்கடிக் காலத் தண்ணீருக்காக நகரம் ஏறத்தாழ 2,000 பம்புகளை வைத்திருக்கிறது. குடிக்க ஆகாது, மரத்துக்கு ஆகும்.

2018, 2019 இரண்டு கோடையும் தொடர்ந்து வறண்டன. என் வீட்டெதிரே இருக்கும் லிண்டன் மரம் ஜூலையிலேயே இலையை உதிர்த்தது. செயலி வந்ததும் முதலில் தேடியது அந்த மரத்தைத்தான்.

இப்போது விஷயம். பெர்லினுக்கு வெளியே ஒரு சிறிய ஊரில் என் நண்பர்கள் இதே நிரலை எடுத்துத் தங்கள் ஊருக்குப் போடப் பார்க்கிறார்கள். ஆயிரத்துச் சொச்சம் மரங்கள். பெர்லின் செயலியில் ஒரே மரத்தைப் பலர் தங்கள் பொறுப்பாக ஏற்கலாம், ஏற்காதவரும் தண்ணீர் ஊற்றிப் பதியலாம். நண்பர்களோ ‘ஒரு மரத்துக்கு ஒரு ஆள், வரைபடத்தில் அவர் பெயர்’ என்று கேட்கிறார்கள். அப்போதுதான் பொறுப்பு வரும் என்பது அவர்கள் வாதம். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏன் என்று தெளிவாகச் சொல்லவும் வரவில்லை.

பனிமண்வெட்டி | ஜூலை 6, இரவு 11:15

அண்ணா, ‘ஒரு பொருளுக்கு ஒரு ஆள்’ முறையின் தொடக்கம் பாஸ்டன். நான் 2012இலிருந்து 2016 வரை அங்கே இருந்தேன்.

கோட் ஃபார் அமெரிக்கா அமைப்பிலிருந்து நகராட்சியோடு வேலை செய்ய வந்த எரிக் மைக்கேல்ஸ்-ஓபர் 2011இல் எழுதியது ‘அடாப்ட் எ ஹைட்ரன்ட்’. அந்தப் பனிக்காலத்தில் ஊரே புதைந்துகிடந்தது. தீயணைப்பு வண்டி வந்து நின்று, தண்ணீர் எடுக்கும் தெருக் குழாயான ஹைட்ரன்ட் எங்கே என்று பனியைத் தோண்டிக்கொண்டிருந்தால் நிமிடங்கள் போகும். ஒவ்வொரு ஹைட்ரன்டையும் வரைபடத்தில் போட்டு, பக்கத்தில் இருப்பவர் ஒருவர் ‘பனி விழுந்தால் நான் தோண்டுவேன்’ என்று ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு. ஏற்றவர் அதற்குப் பெயர் வைக்கலாம். செய்யாமல் விட்டால் இன்னொருவர் தட்டிப் பறித்துக்கொள்ளலாம். யாரும் ஏற்காதது சிவப்பு, ஏற்றது பச்சை.

நான் ஒன்றை ஏற்றேன். இரண்டு பனிக்காலம் ஒழுங்காகச் செய்தேன். பாஸ்டனில் வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை செப்டம்பர் 1 அன்று மாறும். ஊரில் பாதிப் பேர் அன்றுதான் வீடு மாறுவார்கள். 2014இல் நானும் மாறினேன், நகரத்தின் மறுகோடிக்கு. ஹைட்ரன்டை விட்டுக்கொடுக்க மறந்துவிட்டேன். அடுத்து வந்த பனிக்காலத்தில் 108 அங்குலத்துக்கு மேல் கொட்டியது, அந்த ஊர் அதுவரை கண்டிராத அளவு. பிப்ரவரியில் ஒருநாள் நடு இரவில் நினைவு வந்து வரைபடத்தைத் திறந்தேன். என் ஹைட்ரன்ட் பச்சையாக இருந்தது. ஐந்து மாதமாக அதை யாரும் பார்க்கவில்லை. பச்சையாக இருந்ததால் வேறு யாருக்கும் கேட்கவும் தோன்றியிருக்காது. மறுநாள் காலையில் ரயிலேறிப் போய்த் தோண்டிவிட்டு விடுவித்தேன். இன்றும் அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

உங்கள் மனசு ஒப்பாததன் காரணம் இதுவாக இருக்கலாம். பச்சை நிறம் ‘ஒருவர் ஒருநாள் வாக்குக் கொடுத்தார்’ என்றுதான் சொன்னது. பார்ப்பவர்கள் அதை ‘தோண்டியாயிற்று’ என்று படித்தார்கள்.

நிரல்வேலு | ஜூலை 7, காலை 7:02

பனிமண்வெட்டி சொன்னதன் வேர் தரவுத்தளத்திலேயே இருக்கிறது. ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற கட்டமைப்பில் எழுதிய அந்தப் பாஸ்டன் நிரலைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். மைய அட்டவணையின் பெயர் ‘திங்ஸ்’, அதாவது வெறும் ‘பொருள்கள்’. அட்சரேகை, தீர்க்கரேகை, ஊர் கொடுத்த எண், ஏற்றவரின் பயனர் எண். ஹைட்ரன்ட் என்று பெயர் வைக்காமல் ‘பொருள்’ என்று வைத்த அந்த ஒரு முடிவுதான் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. ஹொனலுலுவில் சுனாமி எச்சரிக்கைச் சைரன்களுக்கு எடுத்தார்கள். சைரன்களின் பேட்டரியைத் திருடிக்கொண்டு போய்விடுவார்கள், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கண் வைத்தால் தெரிந்துவிடும். சிகாகோவில் நடைபாதைப் பனிக்கு, சான் பிரான்சிஸ்கோவில் 2016இல் மழைநீர் வடிகால் வாய்களுக்கு. அங்கே அவை சுமார் 25,000.

குறை எங்கே என்றால், பயனர் எண் பொருளின் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒரு பொருளுக்கு ஒரு ஆள் என்பது அங்கேயே பூட்டப்பட்டுவிடுகிறது. ‘யார், எப்போது, என்ன செய்தார்’ என்பதற்குத் தனி அட்டவணை வேண்டும். பெர்லின் நிரலில் அது இருக்கிறது: நீர் ஊற்றிய ஒவ்வொரு முறையும் ஒரு வரி. நண்பர்களிடம் சொல்லுங்கள், அந்த அட்டவணையைத் தூக்கிவிட்டு ஓர் ஆளின் பெயரை வைத்தால் நிரலின் உயிரை எடுத்துவிட்டீர்கள்.

இன்னும் இரண்டு. ஊர் தரும் மர எண் நிலையானதா என்று முதலிலேயே கேளுங்கள். நான் உதவிய ஒரு திட்டத்தில் அலுவலகம் ஆண்டு நடுவில் பட்டியலைப் புதிதாக எண்ணிட்டுக் கொடுத்தது. ஏற்றி முடித்த மறுநாள் ஒவ்வொருவரின் பொறுப்பும் வேறொரு தெருவில் போய் நின்றது. அடுத்தது வரைபடம். இலவசமாக ஆரம்பித்து நடுவழியில் கட்டணம் கேட்கும் சேவையில் மாட்டிக்கொள்ளாதீர்கள். 2020 டிசம்பரில் பிரபலமான வரைபட நூலகமொன்று திறந்த உரிமத்தைக் கைவிட்டபோது அதிலிருந்து மேப்லிப்ரே என்ற திறந்த நூலகம் கிளைத்தது, அதை எடுத்துக்கொள்ளலாம். வரைபடத்தின் பின்னணிப் படங்களுக்கு, தன்னார்வலர்கள் வரையும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் சொந்தச் சர்வரை நேரடியாக இழுக்காதீர்கள். அது நன்கொடையில் ஓடுவது, கனத்த பயன்பாட்டுக்கு அனுமதியில்லை.

இலைக்கூட்டி | ஜூலை 7, மாலை 6:30

மினியாபொலிஸிலிருந்து. எங்கள் வீட்டு முனையில் இருக்கும் வடிகால் வாய் என் பொறுப்பு. இங்கே ஹாம்லின் பல்கலைக்கழகம் நடத்தும் ‘அடாப்ட் எ டிரெயின்’ வழியாக ஏற்றது.

சான் பிரான்சிஸ்கோவில் மழைநீரும் கழிவுநீரும் பெரும்பாலும் ஒரே குழாயில் சேர்ந்து சுத்திகரிப்புக்குப் போகும். எங்கள் ஊரில் அப்படி இல்லை. தெருவில் ஓடும் மழைநீர் அப்படியே ஏரிக்கும் ஓடைக்கும் மிசிசிப்பிக்கும் போகிறது. இலையுதிர்காலத்தில் சாலையோரம் குவியும் இலை நனைந்து ஊறினால் பாஸ்பரஸ் கசியும், அது ஏரிக்குப் போனால் அடுத்த கோடையில் பாசி. இந்தத் தொடர்பு எனக்கு இங்கே வந்து நான்கு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை நானும் தோட்டத்து இலையைத் தெருவில் தள்ளிக்கொண்டிருந்தேன்.

மாதத்துக்கு இரண்டுமுறை கால்மணி நேரம். கைக்கூடை, வாரி, துடைப்பம். செய்து முடித்ததும் எவ்வளவு குப்பை எடுத்தோம் என்று தளத்தில் பதிவோம். அந்தப் பதிவு இல்லாவிட்டால் நான் எப்போதோ விட்டிருப்பேன். அக்டோபரில் மூன்று வாளி, நவம்பரில் ஏழு என்று என் பக்கத்தில் நிற்கும்போது, அவ்வளவும் ஏரிக்குப் போயிருக்குமே என்று தெரிகிறது.

நீர்வாளி அண்ணாவிடம் வேறொன்று கேட்க வேண்டும். வரைபடத்தில் பெயர் போடுவது என்கிறார்கள். ஒருவர் ஏற்கும் மரமோ வடிகாலோ எங்கே இருக்கும்? பெரும்பாலும் அவர் வீட்டு வாசலில். அங்கே அவர் பெயரைப் போடுவது முகவரியை ஊருக்குச் சொல்வது. தனியாக இருக்கும் ஒரு பெண் எத்தனை மணிக்குத் தெருவில் வேலை செய்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்வது. என் தோழி ஒருத்தி இதற்காகவே தன் தெரு வடிகாலை விட்டுவிட்டு அடுத்த தெருவில் உள்ளதை எடுத்தாள். பெயர் வேண்டாம். நாள் போதும், நேரம்கூட வேண்டாம்.

ஸ்காபரோக்காரன் | ஜூலை 7, இரவு 10:48

எல்லாரும் ஒரு பக்கம் நிக்கிறியள், நான் நண்பர்மாரின்ரை பக்கம் ஒருக்கா கதைக்கிறன்.

இஞ்சை ரொறொன்ரோவிலை எங்கடை வீட்டுக்கு முன்னாலை ஒரு ஹைட்ரன்ற் நிக்குது. சினோ (பனி) தள்ளுற வாகனம் வந்து போனால் அது முழுக்கத் தாண்டுபோகும். அந்தத் துண்டுத் தெருவிலை பன்னிரண்டு வீடு. முதல் மூன்று வருசம் ஒருத்தரும் தொடேல்லை, ஏனெண்டால் பன்னிரண்டு பேருக்கும் அது பொது. பிறகு எதிர்வீட்டு வயசுபோன இத்தாலியன் ஒருநாள் என்னட்டை வந்து, “இது உன்ரை, தபால்பெட்டிக்குப் பக்கத்திலை நிக்கிறது என்ரை” எண்டு சொல்லிப்போட்டுப் போனார். அண்டையிலை இருந்து இண்டைக்குமட்டும் நான் ஒரு சினோவுக்கும் தவறவிடேல்லை. ஒரு செயலியும் இல்லை, ஒரு பதிவும் இல்லை. ‘உன்ரை’ எண்ட ஒரு சொல்லுத்தான்.

எல்லாரும் பாக்கலாம் எண்டால் ஒருத்தரும் பாக்கமாட்டினம். பெயர் வெளியிலை வேண்டாம் எண்டுறது சரி, தங்கச்சி சொன்னது நூற்றுக்கு நூறு. ஆனால் இன்னாற்றை பொறுப்பு எண்டு ஒண்டு இருக்கத்தான் வேணும்.

நீர்வாளி | ஜூலை 8, காலை 6:20

ஸ்காபரோ அண்ணர், உங்கள் இத்தாலியர் என் வாதத்தைக் கொஞ்சம் ஆட்டிவிட்டார். ஒன்று மட்டும்: நீங்கள் வீடு மாறினால் அவருக்கு அன்றே தெரிந்துவிடும். எங்கள் செயலிக்குத் தெரியாது.

ஓவர்சியர் | ஜூலை 8, காலை 10:05

தம்பிகளா, தங்கச்சி, நான் சென்னையில் மழைநீர் வடிகால் வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த மாதிரிச் செயலியை இங்கேயும் கொண்டுவரலாமே என்று என் மருமகன் அடிக்கடி கேட்பதால் படித்தேன். இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும்.

முதலாவது உயிர் சம்பந்தப்பட்டது. அமெரிக்காவில் வடிகால் வாயில் இலையைக் கூட்டுகிறார்கள், சரி. இங்கே மழைநீர் வடிகாலில் பல இடத்தில் வீட்டுக் கழிவுநீரைத் திருட்டுத்தனமாக இணைத்திருக்கிறார்கள். மூடியைத் தூக்கினால் உள்ளே விஷவாயு நிற்கும். எத்தனை பேர் அப்படிப் போனார்கள் என்று எங்களுக்குத் தெரியும். 2013ஆம் வருஷச் சட்டம், பாதுகாப்பு இல்லாமல் ஆளைச் சாக்கடைக்குள் இறக்கக் கூடாது என்கிறது. ஆர்வலராக வரும் பையன் ‘நான் ஏற்றுக்கொண்ட வடிகால்’ என்று கம்பியை எடுத்து மூடியை நெம்பினால் யார் பதில் சொல்வது? மூடிக்கு மேலே, சாலை மட்டத்தில் கிடக்கும் பிளாஸ்டிக்கையும் இலையையும் அள்ளுவது மட்டும்தான் பொதுஜனத்தின் வேலை. அதைச் செயலியில் முதல் வரியாக, படத்தோடு போட வேண்டும்.

இரண்டாவது, யாருடையது என்பது. கழிவுநீர் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு, சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையுடையவை. ஒரே முனையில் மூன்று மூடி மூன்று அலுவலகத்துக்குச் சொந்தமாக இருக்கும். அடைப்பு என்று மாநகராட்சியின் 1913 புகார் எண்ணுக்கு அடிக்கும் ஆளுக்கு இது தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. செயலி செய்கிறவர்கள் ஒவ்வொரு புள்ளிக்கும் சொந்தக்கார அலுவலகத்தின் பெயரைப் போட்டுவிட்டு, பிறகு பொறுப்பாளர் பெயரைப் பற்றிப் பேசுங்கள்.

இலைக்கூட்டி | ஜூலை 8, இரவு 7:55

ஐயா, மூடியைத் தூக்காதே என்பது எங்களுக்கும் சொல்லிக்கொடுத்ததுதான். உள்ளே அடைத்திருந்தால் நகராட்சிக்குச் சொல்ல வேண்டும், நாங்கள் தொடக் கூடாது.

மடைத்தூக்கி | ஜூலை 9, பிற்பகல் 2:12

சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களைப் பற்றிக் கொஞ்சம் படித்தும் நடந்தும் பார்த்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை.

ஊரே சேர்ந்து பொதுச்சொத்தைப் பராமரிப்பது என்றதும் நம் ஆட்கள் குடிமராமத்தைச் சொல்லாமல் இருக்கமாட்டார்கள். வரத்துக்கால் தூர்வாருவது, கரை பலப்படுத்துவது, மடையைச் சரிபார்ப்பது. நல்ல ஏற்பாடுதான், பெருமைப்படலாம். ஆனால் இரண்டு விஷயத்தை மறைத்துவிட்டுப் பெருமைப்படக் கூடாது. 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டு, வராதவனைத் தண்டிக்கலாம் என்றார்கள். மனமுவந்து செய்தது கட்டளையானது. இன்னொன்று, தண்ணீர் திறந்துவிட்டு வயல் வயலாகப் பாய்ச்சிய நீர்க்கட்டி பல ஊர்களில் தலித் குடும்பத்தைச் சேர்ந்தவர். ராத்திரி மடையில் இறங்கியது அவர். ஊர் செய்தது என்று சொல்லும்போது அவர் பெயர் வராது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெர்லினில் வாளி தூக்குகிறவர் விரும்பித் தூக்குகிறார், ஓவர்சியர் ஐயா ஊரில் அதே செயலி வந்தால் அபார்ட்மெண்ட் சங்கத்தில் ‘ஏற்கும்’ ஆள் ஒருவர், உண்மையில் அள்ளும் ஆள் வாட்ச்மேன் அல்லது தூய்மைப் பணியாளர் என்று ஆகிவிடும். பதிவில் சங்கச் செயலாளர் பெயர் மின்னும். ‘பொறுப்பாளர் பெயர்’ என்ற ஒரே கட்டம் இந்த அநியாயத்துக்கு வழி விடுகிறது. செய்தவரைப் பதியும் அட்டவணை இருந்தால் குறைந்தபட்சம் கேள்வி கேட்கலாம்.

ஓவர்சியர் | ஜூலை 9, மாலை 5:40

இது நான் யோசிக்காத கோணம், தம்பி. நீங்கள் சொன்னது அப்படியே நடக்கும். சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையையும் ‘அதுதான் ஆர்வலர்கள் பார்க்கிறார்களே’ என்று விட்டுவிடுவார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெர்லினில் எப்படி?

நீர்வாளி | ஜூலை 9, இரவு 10:30

சார், இங்கே புதிதாக நட்ட மரங்களுக்கு முதல் சில ஆண்டுகள் மாவட்டப் பசுமைத் துறையே தண்ணீர் ஊற்றுகிறது, செயலியும் அதைச் சொல்லிவிடுகிறது. வேர் ஆழம் போன பெரிய மரங்கள் கடும் வறட்சியைத் தவிர தாமே சமாளித்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் வயதுதான் எங்களுக்கு. அலுவலகம் விட்டுவிட்டது, வேர் இன்னும் ஆழம் தொடவில்லை. தினமும் ஒரு சொம்பு ஊற்றுவதால் பயனில்லை, மேல்மண்ணோடு காய்ந்துவிடும். சில நாளைக்கு ஒருமுறை நிறைய, மெதுவாக. வறண்ட மண் முதலில் தண்ணீரை வாங்காது, கொஞ்சம் கிளறிவிட வேண்டும்.

கணக்கும் எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். மரத்தடியில் நான்கு சதுர மீட்டர் மண் திறந்திருந்தால் 10 மி.மீ. மழைக்கு 40 லிட்டர், நான்கு வாளி. அதிலும் இலைக்கூரை தடுத்தது போக மிச்சம். ரேடாரில் நல்ல மழை என்று தெரிந்த வாரத்தில்கூட மரத்தடி பொடியாக இருந்ததைக் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

இத்தனை பேர் சொன்னதையும் வைத்து நண்பர்களிடம் இப்படிக் கேட்கலாம் என்றிருக்கிறேன். பொறுப்பு ஏற்கலாம், ஆனால் அது ஒரு பருவத்துக்கு மட்டும். ஏப்ரலில் ஏற்றால் அக்டோபரில் தானே கழன்றுவிடும், மீண்டும் வேண்டுமானால் மீண்டும் ஏற்க வேண்டும். வரைபடத்தின் நிறம் ஏற்றதைக் காட்டாது, கடைசியாகத் தண்ணீர் விழுந்த நாளைக் காட்டும், அது மழையானாலும் வாளியானாலும். யார் வேண்டுமானாலும் ஊற்றிப் பதியலாம். பெயர் வெளியே தெரியாது.

பனிமண்வெட்டி | ஜூலை 9, இரவு 11:58

பாஸ்டனில் செப்டம்பர் 1 அன்று எல்லாம் கழன்றிருந்தால் என் ஹைட்ரன்ட் அந்தப் பனிக்காலத்தில் சிவப்பாக நின்றிருக்கும். இதைச் செய்யுங்கள்.

ஸ்காபரோக்காரன் | ஜூலை 10, காலை 8:15

பருவத்துக்கு எண்டால் எனக்குச் சம்மதம். இன்னுமொண்டு, ‘தத்தெடு’ எண்டு பொத்தானிலை போடாதேங்கோ. தமிழிலை தத்து எண்டால் பிள்ளை, அது சாகுமட்டும். மரத்தைத் தத்தெடுத்தனான் எண்டு பெருமையாச் சொல்லிப்போட்டு அடுத்த மாசம் மறக்கிறதுக்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம். ‘நான் பாத்துக்கொள்ளுறன்’ எண்டு போடுங்கோ. அயலுக்கை அப்பிடித்தானே சொல்லுவம்.

நிரல்வேலு | ஜூலை 10, காலை 9:30

அங்கே தமிழ் படிக்கிறவர் யார் என்று கேட்காதீர்கள், மொழிக் கோப்பை நான் எழுதித் தருகிறேன். ‘இந்தப் பருவத்துக்கு நான் பார்த்துக்கொள்கிறேன்.’ ஜெர்மன் வாக்கியத்தையும் அதே பொருளில் மாற்றச் சொல்லுங்கள்.

நீர்வாளி | ஜூலை 27, இரவு 8:45

சொல்லிவிட்டேன், ஒப்புக்கொண்டார்கள். பருவத்துக்குக் கழல்வது வேலை செய்கிறது. பெயர் போய்விட்டது. சொந்தக்கார அலுவலகம் என்ற கட்டம் ஓவர்சியர் சாருக்காகச் சேர்த்தோம். அதைச் சேர்க்கும்போதுதான் ரயில்பாதை ஓரத்து மரங்கள் ஊராட்சியுடையவை அல்ல என்றே அவர்களுக்குத் தெரிந்தது. இரண்டு வாரமாக அந்த ஊர் அலுவலகத்தில் ஒருவர் திங்கட்கிழமை காலையில் பட்டியலைத் திறந்து, நீண்ட நாள் காய்ந்த மரங்களுக்குத் தண்ணீர் வண்டி அனுப்புகிறார். இதை நாங்கள் கேட்கவே இல்லை.

ஒரே ஒரு சிக்கல். என் தெரு முனைக் கைப்பம்பின் பிடி உடைந்துகிடக்கிறது. வரைபடத்திலோ நன்றாக இருப்பதாகக் காட்டுகிறது. நேற்று ஒரு பெரியவர் இரண்டு வாளியோடு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

நிரல்வேலு | ஜூலை 27, இரவு 9:10

பம்புத் தகவல் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்துதான் வருகிறது. அங்கே பம்பின் நிலை என்று ஒரு குறி உண்டு. அதை ‘உடைந்தது’ என்று மாற்றிவிடுங்கள். செயலியில் தானே வந்துவிடும்.

நீர்வாளி | ஜூலை 27, இரவு 9:34

மாற்றிவிட்டேன். மாவட்ட அலுவலகத்துக்கும் எழுதியிருக்கிறேன். லிண்டனுக்கு இன்றைக்கு வீட்டிலிருந்தே நான்கு வாளி இறக்கினேன், மூன்றாவது மாடி.